பிறழ்வா, திரிபா?

மரபணுவில் நேரும் மாற்றத்தைச் ‘சடுதிமாற்றம்’ என்றும் ‘பிறழ்வு’ என்றும் எழுதுகிறோம். மூலச்சொல்லான மியூட்டேஷன், மாற்றுதல் என்று பொருள்படும் லத்தீன் ‘முத்தாரே’யிலிருந்து வந்தது; அதில் திடீரும் இல்லை, குற்றமும் இல்லை. ஈனோதெரா செடியில் புதுவகைகள் ஒரே தலைமுறையில் தோன்றியதாக 1901இல் ஹியூகோ டி விரீஸ் எழுதியபோதுதான் சடுதி ஒட்டிக்கொண்டது. மாற்றம் நொடியில் நிகழ்வது உண்மைதானே எனலாம். ஆனால் புள்ளியியல் தேடுவது வேகத்தை அன்று, வீதத்தை. ஆய்வாளர்கள் லூரியாவும் டெல்புரூக்கும் 1943இல் தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியா வளர்த்தார்கள். பிறகு அவற்றை வைரஸுக்கு உள்ளாக்கியபோது, எதிர்த்துத் தப்பியவற்றின் எண்ணிக்கை குழாய்க்குக் குழாய் பெரிதும் ஏறி இறங்கியது. வைரஸைக் கண்டபின் மாறியிருந்தால் அது சராசரியை ஒட்டியே சிதறியிருக்கும். ஆகவே மாற்றம் முன்பே, தற்செயலாக நேர்ந்திருந்தது. தப்பியவையே இல்லாத குழாய்களின் விகிதம் அதன் வீதத்தைக் கணிக்க உதவியது.

‘பிறழ்வு’ இன்னும் மோசம். பிறழ்சாட்சி என்ற வழக்கைக் கேட்ட காதுக்கு அது முறைகேடு. பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60, 70 புதிய மாற்றங்களோடு வருகிறது. பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை. அவற்றையெல்லாம் பிறழ்வு என்பது விசாரிக்காமல் தண்டிப்பது. ‘மரபணு மாற்றம்’ என்றாலோ, ஆய்வகத்துப் பயிர் நினைவுக்கு வருகிறது. நம் புணர்ச்சி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றும் உண்டு. டிஎன்ஏவில் எழுத்து புகுவதும், மாறுவதும், விடுபடுவதும் அவையே. ‘மரபணுத் திரிபு’ என்றே எழுதலாம்.