ஊசி அசைந்த கணம்

1820ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசையறிகருவியின் ஊசி விலகுவதைக் கண்டார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமெனின், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? ஐரோப்பிய அறிஞர்கள் பதினொரு ஆண்டுகள் இக்கேள்வியோடு போராடினர். காந்தம், செப்புக்கம்பி, கல்வனோமானி ஆகிய யாவும் அவர்கள் கைவசம் இருந்தன. இருந்தும் விடை அகப்படவில்லை.

இவ்வரலாற்றைப் படிக்கும்தோறும் என் நினைவில் நிற்பவர் ஜெனீவாவைச் சேர்ந்த கொலடோன். 1825இல் அவர் கம்பிச்சுருளொன்றினுள் காந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் கல்வனோமானியின் ஊசியை நேரடியாக இழுத்துவிடலாம் என அஞ்சி, நீண்ட கம்பிகளால் இணைத்து அக்கருவியை வேறோர் அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் செலுத்திவிட்டு நடந்துசென்று பார்த்தபோது ஊசி அசையாது நின்றது. அது அசைந்து ஓய்ந்த வேளையில் அவர் வழியில் இருந்தார்! கவனக்குறைவன்று, மிகையான எச்சரிக்கையே அவரை ஏமாற்றியது.

விடையைக் கண்டவர் மைக்கல் பரடே. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1831 ஓகஸ்ட் 29ஆம் திகதி, இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில், ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுருளை மின்கலவடுக்குடன் இணைத்ததும் மற்றச் சுருளின் பக்கத்திலிருந்த ஊசி துள்ளி அடங்கியது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்தவரை அது அசையவேயில்லை. இணைப்பைத் துண்டித்ததும் எதிர்த்திசையில் மீண்டும் துள்ளியது.

நிலையான மின்னோட்டத்தைத் தேடிய எவரும் இதனை ஏதோ இடையூறென்று ஒதுக்கியிருக்கலாம். பரடே ஒதுக்கவில்லை. ஒக்டோபர் 17இல் சுருளொன்றினுள் காந்தக் கோலைச் செலுத்தியும் இழுத்தும் பார்த்தார். கோல் அசையும்போது மட்டுமே மின்னோட்டம் தோன்றியது. காந்தம் இருப்பதால் மின்சாரம் பிறப்பதில்லை. சுருளினூடான காந்தப்புலம் மாறும்போதே பிறக்கிறது. ஒக்டோபர் 28இல் காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றி, தொடர்ச்சியான மின்னோட்டத்தையும் பெற்றார். மறு ஆண்டே பாரிசில் பிக்சி என்பவர் கையால் சுழற்றும் மின்பிறப்பாக்கியை அமைத்தார். இன்றைய நீர்மின், அனல்மின் நிலையங்களின் மின்பிறப்பாக்கிகள் யாவும் இவ்வழி வந்தவையே.

அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் இதனைத் தனித்தே கண்டறிந்தார். ஆயினும் முதலில் வெளியிட்டவர் பரடே. தூண்டுதிறனின் அலகுக்கு ஹென்றியின் பெயரைச் சூட்டி அறிவியலுலகம் அவரைக் கௌரவித்தது.

கொலடோனையும் திறனற்றவரென எண்ணுதல் தகாது. 1826இல் ஜெனீவா ஏரியில் நீரினுள் ஒலியின் வேகத்தை அளந்தவர் அவரே. அங்கே ஒரு படகில் உதவியாளர் நீருக்கடியில் மணியை அடிக்க, பல கிலோமீற்றர் தொலைவில் மற்றொரு படகில் இவர் செவிகொடுத்துக் காத்திருந்தார். முந்திய ஆண்டில் அடுத்த அறையிலும் அவ்வாறு ஒருவரைக் காத்திருக்க வைத்திருப்பாராயின், இப்பாடத்தை நாம் வேறொருவர் பெயரால் கற்றிருப்போம்.