மயக்கம் நீங்கிய மருந்து

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தில், திருவரங்கம் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, ஒரு பூக்கூடையில் நந்தியாவட்டையைக் கண்டேன். இறைவனுக்குச் சூட்டும் அவ்வெண்மலரின் குடும்பத்துக்குள் மனநோய் மருத்துவத்தின் வரலாறொன்று அடங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அந்நிலையத்துக்கு அருகே, தூய வளனார் கல்லூரியில், 1967இல் மேத்யூ அடிகளார் நிறுவிய இராபினாட் தாவரக் காப்பகம் இருக்கிறது. தமிழகத்துச் செடிகளை உலர்த்தி, பெயரிட்டு, இனம் பிரித்து வைத்திருக்கும் இடம் அது. செடிகளின் உறவுமுறையை அறிவதால் என்ன பயன் என்று சிலர் வினவுவர். விடை கூறுகிறேன்.

நந்தியாவட்டையும் சர்ப்பகந்தியும் அரளிக் குடும்பத்தவை. சர்ப்பகந்தியின் வேர் வெறிகொண்ட மனநோயாளரை அமைதிப்படுத்துவதையும், இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் 1931இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். ஆனால், அதனை உண்டவருள் சிலர் மனச்சோர்வில் ஆழ்ந்தனர் என்று மருத்துவர்கள் குறித்தனர். அம்மருந்து மூளையிலுள்ள செரோட்டோனினைக் குறைக்கிறது என்பது 1955இல் புலனாயிற்று. மனச்சோர்வுக்கும் மூளையின் வேதிப்பொருள்களுக்கும் தொடர்புண்டோ என்ற வினா இவ்வாறு வலுப்பெற்றது.

அதே குடும்பத்தில், நந்தியாவட்டைக்கு இன்னும் நெருங்கிய உறவு, ஆப்பிரிக்காவின் இபோகா. காபோன் நாட்டார் அதன் வேர்ப்பட்டையைச் சடங்குகளில் உண்பர். 1901இல் அதிலிருந்து பிரித்த இபோகைன், பிற்காலத்தில் போதைப் பழக்கத்தை மாற்றக்கூடும் என்ற நம்பிக்கையை ஊட்டியது. ஆயினும் அது இல்லாத காட்சிகளைக் காட்டும். இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையும் பறிக்கக்கூடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் ஓல்சன் குழுவினர் அம்மூலக்கூற்றைத் திருத்தி, டேபர்னாந்தலாக் என்னும் பொருளை ஆக்கி, 2020இல் வெளியிட்டனர். அது நரம்பணுக்களின் கிளைகளை வளர்த்தது. சுண்டெலிகளிடம் சோர்வை ஒத்த நடத்தையைக் குறைத்தது. மாயக்காட்சி தரும் மருந்துகளை உட்கொண்ட சுண்டெலி தலையை உதறும். இம்மருந்தில் அவ்வுதறல் காணப்படவில்லை.

சுண்டெலி மனிதன் அன்று. மாயக்காட்சியே குணம் பெறத் துணைசெய்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். ஆதலால், எவரும் செடியைப் பறித்துத் தாமே வைத்தியம் செய்துகொள்ள வேண்டா. மனம் சோர்ந்தால், நாணாது மருத்துவரை நாடுங்கள்.

உறவு அறிந்தால் எங்கே தேடுவது என்பது தெரியும். ஆராய்ந்தால் எதை நீக்குவது என்பது தெரியும். காப்பகத்தின் உலர்ந்த இலைகள் நமக்குக் கற்பிப்பது இதுவே.