ஸ்பீக்கரில் ‘உம்’ என்ற இரைச்சலா? எர்த் கம்பியில் கை வைக்காதீர்!

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரிலிருந்து ‘உம்ம்ம்’ என்ற சத்தம் வந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு வீட்டில் கரோக்கே வைக்கும்போது அது இன்னும் பெரிதாகத் தெரியும். பிளக்கில் உள்ள எர்த் கம்பியைக் கழற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பல வேளைகளில் சத்தம் நின்றும் விடும். ஆபத்தே அங்குதான்.

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு பாட்டு வரும் கேபிளுக்குள் புகுந்தால் ‘உம்’ என்று கேட்கும். ஆம்பிளிஃபையர் ஒரு வழியாகவும், அதனுடன் இணைத்த கணினியோ ஆஸ்ட்ரோ டிகோடரோ வேறு வழியாகவும் எர்த்தைத் தொட்டால் நடுவே ஒரு வளையம் உண்டாகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே இந்தச் சத்தம். எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுபடும். பாதுகாப்பும் சேர்ந்தே போகும். உள்ளே லைவ் கம்பி தளர்ந்து இரும்புக் கூட்டைத் தொட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும் அல்லது மெயின் சுவிட்ச் ‘டிரிப்’ ஆகும். எர்த் இல்லாவிட்டால் கூடு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். கம்பியுள்ள மைக்கின் உலோக உடல் பெரும்பாலும் அந்தக் கூட்டோடு இணைந்திருக்கும். பாடுபவர் கையில் பிடித்திருப்பது அதைத்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, முதலில் வால்யூமை முழுவதும் குறைக்க வேண்டும். அப்போதும் சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் ஆம்பிளிஃபையருக்குள்தான். பழைய செட்டில் கப்பாசிட்டர் தேய்ந்திருக்கலாம். சுவிட்சை அடைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், வீட்டில் திறந்து பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

வால்யூமோடு சத்தமும் குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. செட்டை அடைத்துவிட்டு, இணைத்த கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் வழி. டிகோடர் என்றால் கூரை டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும், மடிக்கணினி என்றால் சார்ஜரையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினாலே பல வீடுகளில் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்ற சிறு பெட்டியைப் பாட்டுக் கேபிளின் நடுவே மாட்டலாம். எர்த்தைத் தொடாமலேயே அது வளையத்தை அறுக்கும்.

மற்ற சத்தங்கள் அவ்வளவு தொல்லையில்லை. ‘திட்-திட்-திட்’ என்றால் பக்கத்தில் கைப்பேசி இருக்கும். சற்றுத் தள்ளி வைத்தால் போதும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது ‘கரகர’ என்றால் உள்ளே தூசி. விளக்கின் டிம்மரைத் திருப்பும்போது மட்டும் இரைச்சல் கூடினால் செட்டின் மீது பழி போட வேண்டாம்.

பழைய தோட்ட வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சுவர் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும். பின்னால் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருக்கலாம். ஆம்பிளிஃபையரின் கூட்டைத் தொடும்போது லேசாகக் ‘கிர்’ரென்று இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துச் சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதுவரை மைக்கைத் தொட வேண்டாம்.