இருமுறை வரைய வேண்டிய பக்கம்

1

சினிமாவுக்குச் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். டெலிவிஷனுக்கும் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து தங்கைக் கல்யாணத்தையோ, நாலு நண்பர்கள் கூடிப் பேசியதையோ ஒரு டி.வி.டி.யில் பதித்து, அதற்குத் தானே ஒரு முகப்பும் செய்துகொண்டவனைப் பற்றி எழுதவேண்டும் என்று அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை. அந்த முகப்புக்கு மெனு என்று பெயர். ஹோட்டல் மேஜையிலிருந்து வந்த வார்த்தை. டிஸ்க்கைப் போட்டதும் திரையில் நின்று, எது வேண்டும் என்று கேட்கும் பக்கம் அது. 2001க்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருஷங்கள், எழுத்தோடும் ஓவியத்தோடும் எந்தப் பரிச்சயமும் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் பக்கத்தை உட்கார்ந்து வடிவமைத்தார்கள். தலைப்பு எங்கே, பெயர்கள் எந்த வரிசையில், பின்னால் எந்தப் படம் என்றெல்லாம் யோசித்தார்கள்.

அகலத்திரைக்கு இந்தப் பக்கத்தைச் செய்ய முயன்றபோதுதான் அவர்கள் ஒரு விசித்திரமான சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். தொழில் நுணுக்கச் சிக்கல் என்று அதை ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வெறுமனே பார்ப்பதற்கான பிம்பத்தை எந்த அளவுக்கும் சுருக்கலாம், இழுக்கலாம்; பதிலை எதிர்பார்த்து நிற்கும் பிம்பத்தை அப்படிச் செய்ய முடியாது. இந்த வித்தியாசத்தை அந்தச் சிக்கல் ஸ்தூலமாகவே காட்டிக்கொடுத்தது. அதற்கு முன்னால் திரையின் உருவம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும்.

2

எடிசனின் நியூ ஜெர்ஸி பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்த டபிள்யூ. கே. எல். டிக்ஸன், 1892 வாக்கில் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளைகள் என்று வகுத்தார். படம் ஏறத்தாழ ஒரு அங்குல அகலம், முக்கால் அங்குல உயரம். நாலுக்கு மூன்று. பிலிமும் பல்சக்கரமும் சேர்ந்து தந்த உருவம் இது. அழகியல் பின்னால் வந்து சேர்ந்தது. பேசும் படம் வந்தபோது ஒலிக்கு ஓரத்தில் இடம் விடவேண்டியிருந்தது. 1932இல் ஹாலிவுட் அகாதமி 1.37 என்று புதிய விகிதத்தை நிர்ணயித்தது. பழையதற்கு மிகவும் கிட்டத்தில்தான்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1930இல், ஹாலிவுட் போயிருந்த ஐஸன்ஸ்டைன் இந்த விவகாரத்தில் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். எல்லோரும் அகலம் அகலம் என்று பேசிக்கொண்டிருக்க, அவர் சதுரத் திரை வேண்டும் என்றார். சதுரத்துக்குள் படுத்திருப்பதையும் அமைக்கலாம், நிமிர்ந்து நிற்பதையும் அமைக்கலாம். அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நிமிர்ந்து நிற்பவை எல்லாம் சினிமாவிலிருந்து வெளியேறிவிடும் என்பது அவர் வாதம். ஹாலிவுட் அவர் வழியில் போகவில்லை.

டெலிவிஷன் சினிமாவின் நாலுக்கு மூன்றை எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே திரை வந்துவிட்டது என்றதும் சினிமா அந்த உருவத்தை விட்டு ஓட ஆரம்பித்தது. ஹென்ரி க்ரெத்தியேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920களில் ஒரு லென்ஸ் செய்திருந்தார். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி அதே பிலிமில் பதிக்கும். காட்டும்போது இன்னொரு லென்ஸ் அதை விரித்துவிடும். கால் நூற்றாண்டு அதிகம் பயன்படாமல் கிடந்த இதை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வாங்கி, 1953இல் 'தி ரோப்' படத்துடன் சினிமாஸ்கோப் என்று பெயரிட்டு வெளியிட்டது. தமிழுக்கு அது வந்து சேர 1973 ஆயிற்று. 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சாம்ராஜ்யத்தைக் காட்ட அகலம் தேவைப்பட்டது போலும்.

பிறகு இந்த அகலப் படங்களையே டெலிவிஷனில் போடவேண்டி வந்தபோது வழிகள் இரண்டுதான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் சிறியதாகக் காட்டலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுவில் இருப்பதைக் காட்டலாம். பெரும்பாலும் வெட்டினார்கள். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரிந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1980களில், வரப்போகும் புதிய டெலிவிஷனுக்கு என்ன உருவம் என்ற கேள்வி வந்தது. அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற என்ஜினீயர், புழக்கத்தில் இருந்த விகிதங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி, மையத்தைச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். 1.33 முதல் 2.35 வரை. எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள்செவ்வகமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்தன: 1.77. அதாவது பதினாறுக்கு ஒன்பது. நாலுக்கு மூன்றை அதனாலேயே பெருக்கினால் வருவதும் இதுதான். எந்த சினிமாக்காரனும் இந்த உருவத்துக்கு ஆசைப்பட்டதில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் நஷ்டம் என்ற ஏற்பாட்டில் பிறந்த செவ்வகம். இன்று நம் வீட்டுச் சுவரில் இருப்பது இதுதான்.

3

டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அது இரண்டு உருவங்களுக்கும் நடுவில் பிறந்த குழந்தை. வீடுகளில் இருந்தது நாலுக்கு மூன்று பெட்டி, வரப்போவது அகலத்திரை. ஆகவே க்ரெத்தியேனின் தந்திரத்தையே எண்களில் செய்தார்கள். நம் ஊர் முறையில் ஒரு படத்துக்குக் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 வரி. சாதாரணப் படத்துக்கும் இவ்வளவுதான், அகலப் படத்துக்கும் இவ்வளவுதான். அகலப் படம் நெருக்கப்பட்டு உள்ளே போகிறது. அகலத்திரை அதை விரித்துக்கொள்கிறது. பழைய பெட்டியாக இருந்தால் பிளேயரே 576 வரியை 432ஆகச் சுருக்கி, மேலே 72 கீழே 72 வரி கறுப்பாக விட்டுவிடும். பார்ப்பவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. படத்தைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு கச்சிதமானது.

மெனுவிடம்தான் இது தோற்றது. டி.வி.டி. மெனு இரண்டு தளங்களால் ஆனது. கீழே பின்னணிப் படம்; பெயர்களும் தலைப்பும் பெரும்பாலும் இந்தப் படத்திலேயே வரையப்பட்டிருக்கும். மேலே கண்ணாடித்தாள் போல இன்னொரு தளம். அதில் ஒரே சமயத்தில் நான்கு நிறங்களுக்கு மேல் கிடையாது. ஒன்றைத் தெரியாத நிறமாக ஒதுக்கிவிட்டால் மூன்றுதான் மிச்சம். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குத் தாவும் வெளிச்சம் இந்த மேல்தளத்தில் இருக்கிறது.

பழைய பெட்டிக்காகப் பிளேயர் படத்தைச் சுருக்கும்போது கீழ்த்தளத்தை மட்டுமே சுருக்குகிறது. மேல்தளம் சுருங்குவதில்லை. பெயர்கள் எல்லாம் நடுவை நோக்கி நகர்ந்துவிட, வெளிச்சம் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆகவே செய்பவன் மேல்தளத்தை இரண்டு முறை வரையவேண்டும். அகலத்திரை உள்ளவனுக்கு ஒன்று, இல்லாதவனுக்கு ஒன்று. ஓரத்தை வெட்டிப் பார்ப்பவனையும் சேர்த்துக்கொண்டால் மூன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு மெனுவில் அதிகபட்சம் 36 பொத்தான்கள் வைக்கலாம் என்பது டி.வி.டி.யின் சட்டம். இரண்டு உருவங்களுக்கும் இடம் கொடுத்தால் அது 18. மூன்றுக்கும் கொடுத்தால் 12. பிறருடைய திரை நம்முடையது போல் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் நம்முடைய வாசல்களில் பாதி போய்விடுகிறது. நீதிபோதனைக்காக யாரும் இதைச் சட்டமாக்கவில்லை. எண்களுக்கு இருந்த இடம் அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கணக்கை எனக்கு மறக்க முடிந்ததில்லை.

வீட்டில் செய்பவர்களுக்கான கருவிகள் இந்தச் சங்கடத்தை வெகுநாள் தள்ளிப்போட்டன. 2001 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி டி.வி.டி. எழுதும் டிரைவுடன் தன் மெஷினையும், ஐ-டி.வி.டி. என்ற புரோகிராமையும் வெளியிட்டது. ஆயத்த அலங்காரங்களோடு மெனு செய்வது சுலபமாயிற்று. ஆனால் எல்லாம் நாலுக்கு மூன்று. அகல மெனு அதில் 2006இல்தான் வந்தது. காசில்லாமல் கிடைத்த டி.வி.டி.ஆதர் என்ற புரோகிராமில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. எந்தப் பொத்தான் எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே முடிகிறது, அழுத்தினால் எங்கே போகவேண்டும் என்று ஒவ்வொன்றையும் கைப்பட எழுதித் தரவேண்டும். பின்னணியை 1024 புள்ளி அகலத்தில் வரைந்து 720க்கு நெருக்கவேண்டும். இதை மறந்து 720லேயே வரைந்தால் அகலத்திரையில் வட்டம் முட்டையாகிவிடும். தமிழ் எழுத்தின் வளைவுகள் இந்தத் தவறை உடனே காட்டிக்கொடுக்கும்.

தமிழுக்கு மெனுவால் ஒரு சௌகரியமும் இருந்தது. அந்த வருஷங்களில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல முறைகளில் சிதறிக் கிடந்தது. ஒரு மெஷினில் அடித்தது இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். மெனுவில் எழுத்து எழுத்தாகப் போவதில்லை, சித்திரமாகப் போகிறது. எந்த எழுத்துருவில் வரைந்தாலும் எங்கும் அப்படியே தெரியும். இந்தச் சௌகரியத்தின் இன்னொரு பக்கம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

4

2007இல் ஒரு மொட்டை மாடிக் கூட்டத்தில் ஏழு பேர் கவிதை வாசித்ததை ஒரு நண்பரின் சிறிய காமிராவில் எடுத்திருந்தோம். அகலப் படம். அதை டி.வி.டி.யாக்கிப் பத்துப் பிரதி எடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மெனுவில் ஏழு பெயர்கள், ஒன்றின்கீழ் ஒன்று. ஓரங்களைப் பெட்டிகள் விழுங்கிவிடும் என்று எல்லாப் பக்கமும் தாராளமாக இடம் விட்டேன். என் அகலத்திரையில் போட்டுப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. தபாலில் அனுப்பினேன்.

நாகர்கோவிலில் இருந்த மூத்த நண்பர் ஒருவரிடமிருந்து கார்டு வந்தது. ஏழாவது பெயரில் வெளிச்சத்தை நிறுத்தி அழுத்தினால் ஆறாவது ஆள் வாசிக்கிறார்; முதல் பெயரை அழுத்தினால் இரண்டாமவர் வருகிறார். பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அதனால் கவிதைக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அது வேறு விஷயம்.

அவர் வீட்டில் பழைய பெட்டி. பெயர்கள் சுருங்கி நடுவுக்கு வந்துவிட்டன. நான் ஒரே ஒரு மேல்தளம்தான் வரைந்திருந்தேன். நாலாவது பெயரில் மட்டும், அது நட்டநடுவில் இருந்ததால், வெளிச்சம் சரியாக விழுந்தது. ஆறாவதற்கு உரிய வெளிச்சம் ஏழாவது பெயரின் பக்கத்தில் போய் நின்றது. ஏழாவதின் வெளிச்சம் கறுப்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டு பெயரே இல்லாத இடத்தில் எரிந்தது. கவிதை வாசித்த படங்களோ அவர் பெட்டியில் ஒரு குறையுமில்லாமல் ஓடின. சிறியதாக, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவில், ஆனால் முழுமையாக. கேட்டது கிடைக்காமல் போனது அந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

என் திரையை உலகத்தின் திரை என்று எடுத்துக்கொண்டேன் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சிறு பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. இரண்டாவது மேல்தளத்தை வரைந்தேன். பெயர்களின் இடங்களை முக்கால் பங்காகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றோடும் 72 வரி கூட்டி. ஒரு ராத்திரி வேலை. புதிய பிரதி அவருக்குப் போயிற்று. மற்ற ஒன்பது பேரிடம் கேட்கவில்லை.

5

டி.வி.டி. செய்யும் பழக்கம் போய்விட்டது. 2011க்குப் பின் ஆப்பிளின் புதிய மெஷின்களில் ஐ-டி.வி.டி. இடம்பெறவில்லை, பிறகு டிரைவும் இடம்பெறவில்லை. வீட்டில் எழுதிய டிஸ்க்குகளில் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு சாயம். வெயிலும் உஷ்ணமும் அதை அழிக்கும். ஆகவே எல்லோரும் டிஸ்க்கிலிருந்து படங்களை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிறார்கள். செய்யவேண்டிய காரியம்தான். ஆனால் அதற்கான புரோகிராம்கள் பொதுவாகப் படத்தை எடுத்துக்கொண்டு மெனுவை விட்டுவிடுகின்றன. மெனு வெறும் உறை என்று நினைப்பு.

போன வருஷம் நாகர்கோவில் நண்பரின் பேரன் கூப்பிட்டான். தாத்தாவின் டிஸ்க்குகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். மாடிக் கூட்டம் அவனிடம் ஏழு படங்களாக இருக்கிறது, ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்டு. யார் யார் என்று தெரியவில்லை. டிஸ்க் ஒரு நாள் ஓடியது, மறுநாள் ஓடவில்லை. பெயர்கள் மெனுவில் மட்டும்தான் இருந்தன. அங்கேயும் சித்திரமாக இருந்தன, எழுத்தாக இல்லை. எந்த எழுத்துருவிலும் எங்கும் தெரிந்த பெயர்கள் இப்போது எங்கும் இல்லை. வாசித்தவர்களில் இரண்டு பேரின் முகம் படத்தில் சரியாகத் தெரியாது. மாடியில் விளக்கு போதவில்லை. ஏழு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. என் நண்பரும் இல்லை.

ஏழு பெயர்களையும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி அவனுக்கு அனுப்பினேன். ஆறும் ஏழும் எது எது என்பதில் மட்டும் எனக்கே சந்தேகம். என்னிடம் இருந்த பிரதியைத் தேடி எடுத்துப் போட்டேன். மெனு வந்து நின்றது. ஆறாவது பெயரில் வெளிச்சத்தை நிறுத்தி அழுத்திப் பார்த்து, குரலைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.