50 இருக்கை ஜெட்: வைத்துக்கொள்வதா, கழித்துக்கட்டுவதா?

பழைய இயந்திரத்தை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா? காஸ்டிங் பாடத்தில் அடிக்கடி வரும் கணக்கு இது. புத்தகத்தில் நாலு எண்ணைக் கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும். நிஜத்தில் அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவின் 50 இருக்கை ஜெட் விமானங்களின் கதையைப் பார்த்தால் புரியும்.

1980-களில் அமெரிக்காவின் சிற்றூர்களுக்குப் பெரும்பாலும் சின்னப் புரொப்பல்லர் விமானங்கள்தான் போய்வந்தன. இரைச்சல் அதிகம், வேகம் குறைவு. கனடாவின் பம்பார்டியர் நிறுவனம், பணக்காரர்களுக்கான சாலஞ்சர் ஜெட்டை நீட்டி, 50 பேர் உட்காரும் சி.ஆர்.ஜே. விமானத்தைச் செய்தது. 1992-ல் லுஃப்தான்சா சிட்டிலைன் முதலில் வாங்கியது. 1993-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது சின்சினாட்டியின் காம்ஏர். இது டெல்டாவுக்காக இணைப்பு விமானங்களை ஓட்டிய கம்பெனி. ஜெட் என்றதும் பயணிகள் குவிந்தார்கள். மற்ற கம்பெனிகளும் வரிசையில் நின்றன. 2000-ல் டெல்டா, காம்ஏரின் மீதிப் பங்குகளைச் சுமார் 180 கோடி டாலருக்கு வாங்கியது.

அது ஏன் 50? பெரிய கம்பெனியின் விமானிகளுக்குச் சம்பளம் அதிகம், துணைக் கம்பெனி விமானிகளுக்குக் குறைவு. வேலையெல்லாம் அங்கே போய்விடக்கூடாது என்று விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தத்திலேயே வரம்பு போட்டன: துணைக் கம்பெனி ஓட்டும் விமானம் இத்தனை இருக்கை, இத்தனை எடைக்கு மேல் போகக்கூடாது, பெரியவை இத்தனைதான். பல ஒப்பந்தங்களில் 50 ஒரு முக்கியமான கோடு.

பிரச்னையும் அந்த 50-ல்தான். இரண்டு விமானிகளின் சம்பளம், இஞ்சின் பராமரிப்பு, எரிபொருள் எல்லாவற்றையும் 50 டிக்கெட்டில் எடுக்க வேண்டும். 2001-ல் காம்ஏர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2005-ல் டெல்டாவே திவால் பாதுகாப்பு கேட்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. கணக்கு முழுக்கத் தலைகீழானது.

விமானத்துக்குக் கொடுத்த விலை போன பணம். அதை முடிவில் சேர்க்கக்கூடாது. இனிமேல் ஆகப்போகும் செலவுதான் கேள்வி. அதனால் குத்தகை முடியும் நாளும், இஞ்சினைப் பிரித்துப் பெரிய ஓவர்ஹால் செய்யவேண்டிய நாளும்தான் பழைய விமானத்தின் தலையெழுத்தை எழுதுகின்றன.

2012-ல் டெல்டா தன் விமானிகளோடு புது ஒப்பந்தம் போட்டது. 50 இருக்கை ஜெட்களை 125 ஆகக் குறைப்பது, துணைக் கம்பெனிகளுக்கு 76 இருக்கை விமானங்கள் கூடுதலாகத் தருவது, தானே 110 இருக்கை போயிங் 717 ஓட்டுவது. வேடிக்கை என்னவென்றால் அந்த 88 போயிங்குகளும் புதிதல்ல! சவுத்வெஸ்டிடமிருந்து குத்தகைக்கு வந்த பழையவை. பழையதை மாற்ற இன்னொரு பழையது. விலை மலிவு, செலவைப் பகிர இருக்கை அதிகம், அவ்வளவுதான். 2012 செப்டம்பர் 29-ல் காம்ஏர் கடைசியாகப் பறந்து மூடப்பட்டது.

அத்தோடு 50 இருக்கை ஜெட் ஒழிந்ததா? இல்லை. அதற்குப் பதிலாகப் புதிய ஜெட்டை யாரும் செய்யவில்லை. மிட்சுபிஷி முயன்ற ஸ்பேஸ்ஜெட்டின் 90 இருக்கை மாடல், ஒப்பந்தங்களில் இருந்த சுமார் 39 டன் எடை வரம்பைத் தாண்டியது. 2023-ல் திட்டமே கைவிடப்பட்டது. யுனைடெட் 2019-ல் இன்னொரு வழி கண்டுபிடித்தது. 70 பேர் உட்காரக்கூடிய விமானத்தில் 50 இருக்கை மட்டும் போட்டு சி.ஆர்.ஜே. 550 என்று பெயர் வைத்தது. காஸ்டிங் பரீட்சையில் எழுதினால் முட்டை மார்க். ஆனால் ஒப்பந்தத்தின்படி அதுதான் சரியான விடை.

பாடப்புத்தகக் கணக்கில் இயந்திரத்துக்கு முதலாளி ஒருவர்தான். இங்கே சம்பளத்தைக் காக்க நினைத்த விமானிகளும் ஒரு பக்கம் இருந்தார்கள். ஒருநாள் காலையில் தங்கள் ஊருக்கு விமானமே இல்லை என்று தெரிந்துகொண்ட சிற்றூர்க்காரர்களும் இருந்தார்கள். விமானிகளுக்காவது ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடைத்தது. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.