கத்தியும் குழாயும்

பதினாறு வயசுப் பெண். வளர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. மாதவிலக்கு மட்டும் வரவில்லை. பரிசோதித்த டாக்டர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் கர்ப்பப்பை இல்லை. யோனிப் பாதையும் ஒரு சின்னக் குழியோடு நின்றுவிட்டது!

சுமார் 5,000 பெண் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. இந்தக் குறைபாட்டின் பெயர் மேயர் - ரோகிடான்ஸ்கி - கூஸ்டர் - ஹவுசர். 1829-லிருந்து 1961 வரை இதைப் பற்றி எழுதிய நாலு டாக்டர்கள். நாலு பேரும் ஆண்கள்தான்!

சரி, சிகிச்சை? 1898-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஆபி என்ற சர்ஜன், தோலை எடுத்து ஓர் அச்சின் மேல் சுற்றி உள்ளே பொருத்திப் பாதை உண்டாக்கினார். அடுத்து வந்த பால்ட்வின், குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பாதையாக்கினார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். அந்த ஆபரேஷனில் சில பெண்கள் செத்தே போனார்கள். யோசித்துப் பாருங்கள், அவர்கள் உயிருக்கு ஆபத்தான நோயோடு வந்தவர்கள் அல்ல!

1938-ல் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. லண்டனில் மெக்கிண்டோ, ஆபியின் தோல் வைத்தியத்தைச் செம்மைப்படுத்தியிருந்தார். நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் சொன்னதோ, 'ஆபரேஷனே வேண்டாம்!' சிறு கண்ணாடிக் குழாயால் அந்தக் குழியைத் தினமும் கொஞ்ச நேரம் மெதுவாக அழுத்த வேண்டும். சில மாதங்களில் அதுவே நீண்டு பாதையாகிவிடும். பாம்படம் போட்ட நம்ம ஊர்ப் பாட்டிகளின் காது தொங்கியது எப்படி? அதே கணக்குதான். முக்கியமான விஷயம், அழுத்துவது அந்தப் பெண்ணின் கையேதான்.

ஆனால் புகழ் யாருக்கு? இரண்டாம் உலகப் போரில் தீயில் கருகிய விமானிகளுக்கு முகம் தந்த மெக்கிண்டோ, 'சர்' பட்டம் வாங்கினார். அவருடைய ஆபரேஷனும் உலகமெங்கும் பரவியது. பொறுமை கேட்கும் கண்ணாடிக் குழாயை (ஃபீஸும் குறைச்சல்!) எந்த சர்ஜன் விரும்புவார்?

கை வலிக்கிறது என்பதுதான் ஃபிராங்க் முறையில் இருந்த தொல்லை. 1981-ல் இங்க்ராம் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு ஸ்டூலில் ரேஸ் சைக்கிள் சீட்டை மாட்டினார். குழாயைப் பொருத்திக்கொண்டு அதில் உட்கார்ந்தால் போதும், உடம்பின் எடையே அழுத்திவிடும்!

இன்று டாக்டர்கள் முதலில் சொல்வது குழாயைத்தான். ஒழுங்காகச் செய்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. அதையும் சிறுமியாக இருக்கும்போது திணிக்கக்கூடாது. எப்போது ஆரம்பிப்பது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். குழாயால் பலன் கிடைக்காதவர்களுக்குத்தான் ஆபரேஷன். மெக்கிண்டோ முறையில் அது முடிந்தபிறகும், பாதை சுருங்காமலிருக்க மாதக்கணக்கில் எதைப் பயன்படுத்த வேண்டும் தெரியுமா?

அதே குழாயைத்தான்!