கொல்லன் கோடரியும் ஆலைக் கோடரியும்

அரசர்களின் பெயர்களையும் அவர்கள் பொருத போர்களையும் கொண்டு வரலாறு எழுதுவது நெடுநாள் வழக்கம். அவ்வரசர்களைத் தாங்கி நின்ற உழவனும் தச்சனும் விறகு வெட்டுவோனும் கையாண்ட கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அத்தகைய கருவிகளுள் ஒன்றாகிய கோடரியைப் பற்றி இங்கே நாம் சிறிது ஆராயப் புகுகிறோம். நல்ல கொல்லன் அடித்துத் தந்த கோடரிக்குப் பதிலாக ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்ப்படமாகவும் அச்சடிப்பாகவும் வெளிவரும் மலிவான கோடரி வந்ததனால் மக்களுக்கு விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதே நம் கேள்வி.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் சித்தூரும் திருப்பதியும் ஆகும். 1911ஆம் ஆண்டு வரை சித்தூர் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டு தனி மாவட்டமாகி, 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் எத்தனை முறை மாறினும் தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் விலை பேசும் நிலம் அது. நம்மவர் கோடாலி என்பதை அங்குள்ள தெலுங்கர் கொட்டலி என்பர். கன்னடர் கொடலி என்பர். வடக்கே வாழும் நம் நேயர்கள் கடையில் இச்சொல்லைக் கூறினால் ஏமாற்றம் அடைதல் கூடும். அங்கே குதால் என்பது மண் வெட்டும் கருவி. மரம் வெட்டுவது குல்ஹாடி.

திருப்பதியை அடுத்த ஏர்ப்பேட்டுக்கு அருகில் குடிமல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம், கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர் பலரும் கருதும் தொன்மை வாய்ந்தது. அதன்மேல் செதுக்கப்பட்ட சிவபெருமானின் உருவம் ஒரு கையில் ஆட்டையும் மற்றொரு கையில் கலயத்தையும் பற்றி, தோள்மேல் கோடரியைச் சாய்த்தபடி நிற்கிறது. காடு சார்ந்து வாழ்ந்த மக்களின் கோலத்தையே சிற்பி இறைவனுக்கு அளித்தான் போலும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நிலத்தில் கோடரி வணக்கத்துக்குரிய சின்னமாக விளங்கிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்துக் கோடரி எளிதில் கிடைப்பதன்று. இரும்புக் கல்லைப் பொறுக்கி, மரக்கரியோடு சேர்த்துக் களிமண் உலையிலிட்டு, துருத்தி ஊதி, வெளிவந்த கட்டியைச் சம்மட்டியால் அடித்து அழுக்கை நீக்கிய பின்னரே இரும்பு கைக்கு வரும். 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூரிலும் கொங்கு நாட்டிலும் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன் இத்தகைய உலைகளைக் கண்டு விரிவாக எழுதியுள்ளார். அவ்விரும்பிலிருந்து கோடரி செய்யும் கொல்லன், உடலை மென்மையான இரும்பாலும் வாயை எஃகாலும் அமைப்பான். முழுவதும் எஃகாயின் பொருள் மிகுதியாகச் செலவாகும். முழுவதும் மெல்லிரும்பாயின் வாய் மழுங்கும். இரண்டையும் உலைச் சூட்டில் ஒட்டி அடித்து, நீரில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதம் காண்பதே அவன் கலை.

இத்தொழிலுக்கு ஊதியமும் வேறுவகையாக அமைந்திருந்தது. தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களில் ஆயகாரர் எனப்பட்டோருள் கொல்லனும் ஒருவன். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே அவனுக்குரிய தானியம் அளக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் ஊராரின் கலப்பைக் கொழுவையும் அரிவாளையும் கோடரியையும் செப்பனிட்டுக் கொடுத்தல் அவன் கடமை. ஆதலின் கோடரி என்பது ஒருமுறை விலைக்கு வாங்கி முடிவதன்று. செய்தவனுக்கும் பிடிப்பவனுக்கும் இடையே ஆண்டுதோறும் தொடரும் உறவாக இருந்தது. ஆனால் களத்தில் தனக்கென நெல் இல்லாத கூலியாளுக்கு அவ்வுறவில் கடைசி இடமே கிடைத்தது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பு தளர்ந்தது. 1830இல் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் ஆங்கில முறையில் இரும்பாலை நிறுவினார். மரக்கரியை நம்பிய அவ்வாலை நீடித்து நிலைக்கவில்லை. அதனினும் பெரிய மாற்றத்தைக் கப்பலும் இரயிலும் கொணர்ந்தன. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இரயில், 1871க்குள் இரேணிகுண்டா வழியாகப் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. சீமை இரும்புக் கம்பியும் பட்டையும் உள்நாட்டுச் சந்தைகளை எட்டின. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசுக் காவலுக்குட்படுத்தவே, கரி சுடுவதும் அரிதாயிற்று. இவ்விரு காரணங்களாலும் கல்லை உருக்கும் தொழில் மெல்ல மறைந்தது. எனினும் கொல்லன் மறைந்தானல்லன். சீமை இரும்பையும், பின்னாளில் இரயில்களிலும் லாரிகளிலும் கழிந்த வில்பட்டைகளையும் உலையில் காய்ச்சி அவன் தன் தொழிலைத் தொடர்ந்தான். தமிழ்நாட்டின் தெருவோர உலைகளில் இன்றும் அரிவாள்கள் லாரிப் பட்டையிலிருந்தே பிறக்கின்றன.

மலிவுக் கோடரியின் கதை நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. வட அமெரிக்காவில் வர்ஜீனியாப் பகுதிப் பழங்குடியினரின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் டோமஹாக். முதலில் கல் அலகு கொண்ட கைக்கோடரியைக் குறித்த அப்பெயர், பிறகு ஐரோப்பிய வணிகர் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த இரும்புக் கைக்கோடரிக்கே உரியதாயிற்று. இரும்புப் பட்டையொன்றைக் காம்புத் துளைக்காக மடித்து ஒட்டி, வாயில் சிறிது எஃகைச் செருகுவது அதன் செய்முறை. எஃகைச் செருகாது விட்டாலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. காட்டிற்குள் சென்ற பின்னரே வாங்கியவன் உண்மையை உணர்வான். 1826இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய காலின்சு நிறுவனம் கோடரிகளைத் தீட்டி, உடனே பயன்படுத்தும் நிலையில் விற்றது. அதற்கு முன் கோடரியை வாங்கியவனே அதற்கு வாய் தீட்டிக்கொள்ளுதல் வழக்கம். நம் நாட்டில் ஜாம்ஷெட்பூர் இரும்பாலை 1912இல் எஃகு வார்க்கத் தொடங்கிற்று. 1920களில் அவ்வூரிலேயே மண்வெட்டி முதலிய கருவிகள் பெருமளவில் ஆக்கப்பட்டன.

இனி நன்மைகளைக் காண்போம். முதலாவது, விலை. கூலிவேலை செய்பவன் ஒருவனுடைய தயவையும் எதிர்பாராமல் தன் கருவியைத் தானே வாங்கிக்கொள்ள முடிந்தது. களத்து நெல்லின் கணக்கும், யாருக்கு முதலில் செப்பனிடுவது என்னும் வரிசையும் அவனைக் கட்டுப்படுத்தவில்லை. இரண்டாவது, ஒழுங்கு. தேர்ந்த ஆலையின் நூறு கோடரிகளும் ஏறக்குறைய ஒரே எடையும் ஒரே பதமும் உடையன. கொல்லனோ உடல்நலமும் மனநிலையும் மாறுபடும் மனிதன். மூன்றாவது, விரைவு. கரும்புக் கட்டையும் மாங்கிளையும் புளிய விறகும் வெட்ட வேண்டிய சித்தூர் உழவனுக்கு, முறிந்த கருவிக்கு மாற்று அடுத்த சந்தையிலேயே கிடைத்தல் சிறு உதவியன்று.

தீமைகளும் உண்டு. மலிவு என்பது எங்கேனும் ஒரு செலவைக் குறைத்துப் பெறுவது. பெரும்பாலும் குறைவது பதத்தில்தான். சூடு மிகுந்து தோய்த்த வாய், கடினமரத்தில் பட்டவுடன் தெறிக்கும். சூடு குறைந்த வாய் மடங்கும். காம்புத் துளை சரியாக அமையாவிடில் வீசும்போது அலகு கழன்று பக்கத்தில் நிற்பவனைத் தாக்கும். கொல்லன் காம்பின் நீளத்தை வெட்டுபவனின் உயரத்துக்கும் கைக்கும் பொருத்துவான். ஆலை அங்ஙனம் செய்தல் இயலாது. கெட்டதைத் திருத்துவதினும் புதிதாக வாங்குவது மலிவாயின், திருத்தத் தெரிந்தவனின் உலை அணைந்துபோம். ஓர் ஊரில் உலை அணைந்தால், அதனுடன் பதம் அறியும் கண்ணும் அணைகிறது.

கருவி மலிவதனால் மக்களின் உறவும் மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சான்று உண்டு. அந்நாட்டின் வடகோடியிலுள்ள யிர் யொரொண்ட் என்னும் பழங்குடியினரிடையே 1930களில் தங்கி ஆராய்ந்த லாரிஸ்டன் ஷார்ப் என்பவர், 1952இல் தம் ஆய்வை வெளியிட்டார். அம்மக்களிடம் கல்கோடரி மூத்த ஆடவரின் உடைமை. தொலைவிலுள்ள கல்லைப் பண்டமாற்றால் பெற்று அவர்களே அதனைச் செய்வர். பெண்களும் இளைஞரும் அவர்களிடம் இரவல் கேட்டே பயன்படுத்துவர். பாதிரிமார் எஃகுக் கோடரிகளைப் பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் வழங்கியதும், மூத்தோர் இளையோரிடம் இரவல் கேட்கும் நிலை வந்தது. பண்டமாற்று விழாக்கள் பொலிவிழந்தன. யார்க்கு யார் கடமைப்பட்டவர் என்பது குழம்பிற்று. இரவல் கேட்டு நின்ற பெண்ணுக்கு அது விடுதலையாகவும் இருந்திருக்கும் என்பதை நாம் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி மீண்டும் திருப்பதிக்கு வருவோம். திருமலையை உள்ளடக்கிய சேஷாசல மலைத்தொடர் செம்மரத்தின் தாயகம். தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. நீரில் அமிழுமளவு கனமான அதன் வயிரம், ஒருகாலத்தில் செஞ்சாயத்துக்காகக் கப்பலேறியது. பின்னர்க் கீழ்நாடுகளில் அணிகலப் பேழைகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் விலைமதிப்புப் பெற்றது. 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அம்மரம் இடம்பெற்றது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும் கள்ள வாணிகம் ஓயவில்லை. அதற்குத் தேவையானவை இரண்டே: மலிவான கோடரியும் மலிவான கையும். கோடரி கடையில் கிடைத்தது. கை, தமிழ்நாட்டின் வறண்ட மலையோரச் சிற்றூர்களில் கிடைத்தது.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். அனைவரும் தமிழ்நாட்டினர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். தம்மை அவர்கள் கோடரியாலும் அரிவாளாலும் கல்லாலும் தாக்கியதாகக் காவற்படையினர் கூறினர். மனித உரிமை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. பிழைப்புத் தேடி எல்லை கடந்தவன் கையிலுள்ள கருவி, ஒருவர் கண்ணுக்குத் தொழிற்கருவியாகவும் மற்றொருவர் கண்ணுக்குப் படைக்கலமாகவும் தோன்றும் கொடுமையை அந்நாள் காட்டிற்று. வெளிமாநிலங்களில் உழைத்து வாழும் நேயர்கள் இதன் பொருளை நம்மினும் நன்கறிவர்.

தன் இனத்தையே அழிக்கத் துணை போகிறவனைக் கோடரிக்காம்பு என்று நம் முன்னோர் இகழ்ந்தனர். காட்டில் பிறந்த காம்பே காட்டை வெட்டுவதனால் எழுந்த வசை அது. காம்பு தானாகப் போய் அலகில் நுழைவதில்லை என்பதை அவ்வசை மறந்துவிடுகிறது. அதனை வெட்டிச் செதுக்கிச் செருகிய கை ஒன்று உண்டு. செம்மரக் காட்டில் பிடிபடுவோர் பெரும்பாலும் காம்பைப் போன்றவரே. செருகிய கைகள் தொலைவில் இருக்கின்றன.

ஆகவே மலிவுக் கோடரியை முற்றும் பழித்தலும் முற்றும் புகழ்தலும் முறையன்று. ஏழைக்குத் தன் கருவியைத் தன் உடைமையாக்கியது அதன் பெருஞ்சிறப்பு. வாங்குவோர் அரத்தை வாயின்மேல் இழுத்துப் பார்க்கலாம்: ஆழமாகக் கடித்தால் பதம் போதாது, சற்றும் பற்றாமல் வழுக்கினால் தெறிக்கும் அச்சமுண்டு, சிறிதளவே பற்றினால் நல்லது. காம்புத் துளை நேராக உள்ளதா என்றும் நோக்குக. பதம் தவறியதை உலையில் திருத்தவல்ல கொல்லன் அருகிலிருந்தால் ஆலைக் கோடரியும் நெடுநாள் உழைக்கும். கருவி மலிவதில் கேடில்லை. அதனைப் பிடிக்கும் மனிதனின் உயிர் மலிந்துவிடாமல் காப்பதே நாடுகளின் கடமை.